மொட்டை மண்ணை மூடும் செடிகள்: கோலாலம்பூர் வீட்டு வாசலுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மாலை நாலு மணி மழை அடித்து ஓய்ந்ததும் வெளியே வந்து வேலிச் சுவரின் அடியைப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கிறதா? அப்படியானால் உங்கள் வாசல் மண் போர்வையில்லாமல் கிடக்கிறது. மழைத்துளி ஒவ்வொன்றும் மண்ணைக் குத்திக் கிளப்புகிறது, கிளம்பிய மண் தண்ணீரோடு லோங்காங்குக்கு, அதாவது வடிகாலுக்கு, போய்விடுகிறது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் ஏறக்குறைய 2,500. அதுவும் தூறலாக வருவதில்லை, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது.

என் பாட்டி பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர். செத்தாப்பாக்கில் டெரஸ் வீடு வாங்கிய புதிதில், முன்வாசலில் ஒரு புல் இல்லாமல் செதுக்கி வைத்திருந்தேன். பெருமையாகக் காட்டினால் பாட்டி முகம் சுளித்தார். "மண்ண மொட்டையா போடாதடி, மழ தின்னுரும்" என்றார்.

பாட்டிக்கு அது தோட்டம் சொல்லிக் கொடுத்த பாடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களில் மரத்தடியைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதுதான் வழக்கம். நம் ஆட்கள்தான் வெயிலில் குனிந்து செதுக்கினார்கள். மேட்டு நிலங்களில் மேல்மண் அடித்துக்கொண்டு போன பிறகுதான், பியூராரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகளை மரங்களுக்கு இடையே பரப்பத் தொடங்கினார்கள். அந்தக் கொடிகள் வீட்டுக்கு ஒத்துவராது, ஒரே மாதத்தில் கேட்டின்மேல் ஏறிவிடும். ஆனால் வாசலில் நாம் செய்யப்போவதும் அதே வேலைதான்: மண்ணை உயிருள்ள ஒன்றால் மூடி வைப்பது. அழகுக்காகச் செய்தாலும் மண் பிழைத்துக்கொள்ளும்.

தரைமூடிச் செடி என்றால் உயரமாக வளராமல் பக்கவாட்டில் படர்ந்து நிலத்தை மறைக்கும் எதுவும்தான். புல்லும் அதில் சேர்த்தி. ஆனால் புல்லை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், மற்றவற்றுக்கு அந்தத் தொல்லை குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு, நேரே நர்சரிக்குப் போய் அழகாக இருப்பதை வாங்கி வருவது. நானும் அதைத்தான் செய்தேன். நர்சரிக்குப் போவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

வெயிலைப் படியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள். காலை 9 மணி, நண்பகல் 1 மணி, மாலை 4 மணி என்று மூன்று முறை வாசலில் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழுந்தால் அது முழு வெயில். மூன்று நான்கு மணி நேரம் என்றால் அரைநிழல். அதற்கும் கீழே நிழல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது தெரியாமல் நான் ஒரு பாத்தி நிறையச் செடியை இழந்தேன். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அங்கிருந்து வடக்கே சாய்கிறது. செப்டம்பர் நடுவில் மறுபடி தலைக்கு மேலே வந்து, தெற்கே போகிறது. வடக்குப் பார்த்த வாசலுக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நல்ல வெயில். டிசம்பரில் அதே வாசலில் ஏழு மீட்டர் உயர மாடி வீட்டின் நிழல் நண்பகலிலேயே மூன்றரை மீட்டர் தூரம் விழும். தெற்குப் பார்த்த வாசலுக்கு இது தலைகீழ், ஜூனில் இரண்டரை மீட்டர் நிழல் விழும். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. ஜூன் மாதம் வெயிலைப் பார்த்துப் பத்துமணிப் பூ நட்டேன். ஒரு மாதம் பூத்துக் குலுங்கியது. நவம்பரில் நிழலும் மழையும் சேர்ந்துகொள்ள, தண்டெல்லாம் கொழகொழவென்று அழுகிவிட்டது. ஆகவே சுவரை ஒட்டிய முதல் மூன்று மீட்டரில் அரைநிழலையும் தாங்கும் செடியை வையுங்கள். வெயில் விரும்பிகளைக் கேட் பக்கம் தள்ளுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. மேற்கு வாசலுக்குப் பிற்பகல் வெயில் சுடும், அவ்வளவுதான்.

தண்ணீரும் மண்ணும்

ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்தியாக வேண்டும், இல்லையென்றால் ஈரம் விரும்பும் செடிகளைத்தான் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் காணாமல் போனால் அது மணல். கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் இருந்த இடங்களில் எழுந்த தாமான் குடியிருப்புகளில் இந்த வெண்மணலைப் பார்க்கலாம். அதில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது.

மற்ற தாமான்களில் பெரும்பாலும் கெட்டிச் செம்மண். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். சங்குலால், அதாவது மண்வெட்டியால், வெட்டினால் செங்கல் துண்டும், சிமெண்ட் கட்டியும், சில சமயம் டைல்ஸ் துண்டும் வரும். அதையெல்லாம் பொறுக்குங்கள். சிமெண்ட் கட்டி பக்கத்தில் எந்தச் செடியும் தெளிவாக இருப்பதில்லை.

இரண்டு வகை மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கிய பொருள். ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு, மேலே மூன்று விரல் கனத்துக்கு மக்கிய இலையுரமோ மக்கிய ஆட்டுச் சாணமோ போட்டுக் கலக்குங்கள். கெட்டி மண்ணில் கருக்கிய உமியும் சேர்த்தால் காற்றோட்டம் கிடைக்கும். மணலில் தேங்காய் நார்த்தூள் உதவும், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். கெட்டிச் செம்மண்ணை மிருதுவாக்குகிறேன் என்று ஆற்று மணலைக் கலக்காதீர்கள். கொஞ்சமாகக் கலந்தால் இன்னும் இறுகித்தான் போகும்.

நம் மண் புளிப்பு மண். சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்தி, இரண்டு வாரம் ஆறப்போட்ட பிறகு சாணமோ உரமோ போடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போட்டால் எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியே அதற்குச் சாட்சி.

பாத்தியின் மட்டம் கார் போர்ச் தரையைவிட இரண்டு அங்குலமாவது கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் மண் போர்ச்சுக்கு வரும். அப்புறம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து "சிமெண்ட் போட்டுவிடலாம்" என்பார்கள். அந்தப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். சிமெண்ட் வாசல் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் வீட்டுக்குள் விடுகிறது, மழைத் தண்ணீரை ஒரு சொட்டுவிடாமல் லோங்காங்குக்குத் தள்ளுகிறது. கார் ஏற வழி வேண்டுமென்றால் சக்கரம் போகும் இரண்டு பட்டைக்கு மட்டும் சிமெண்ட் போட்டு, நடுவில் செடி வையுங்கள்.

கோரையை வெல்லாமல் நடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

தரைமூடிச் செடி களையை அடக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் படர்ந்து மூடிய பிறகுதான் அடக்கும். அதற்கு மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தில் களை செடியை மூடிவிடும். படர்ந்த செடிக்குள் புகுந்த களையைப் பிடுங்குவது, சிக்கு விழுந்த தலையில் பேன் பார்ப்பது போல. ஆகவே நடுவதற்கு முன்பே ஆறு வாரம் களைக்காக ஒதுக்குங்கள்.

நம் வாசலுக்கு வரும் எதிரிகளில் பெரியது கோரை. பார்த்தால் புல் போலத்தான் இருக்கும். தண்டை உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக விரலில் தட்டும். இழுத்தால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். ஒரு கிழங்கிலிருந்து கம்பி போல ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று மண்ணுக்குள் ஒரு மாலையே கோத்து வைத்திருக்கும். மேலே பிடுங்கப் பிடுங்க உறங்கிக் கிடந்த கிழங்குகள் விழித்துக்கொள்ளும். அட்டைப் பெட்டியை விரித்து மூடினாலும் ஊசி போலத் துளைத்து வரும்.

நான் செய்யும் முறை இது. மழை பெய்து மண் இளகிய மறுநாள், சங்குலால் ஓர் அடி ஆழம் புரட்டி, கட்டிகளைக் கையால் உடைத்து, கிழங்குகளைப் பொறுக்குவேன். ஒரு வாளி சேரும். பிறகு பாத்தியைச் சமப்படுத்திவிட்டு ஒன்றும் நடாமல் விடுவேன். பத்து நாளில் தப்பிய கிழங்குகள் முளைத்து, தாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மண்கரண்டியை ஆழமாகச் செலுத்தி, கிழங்கோடு தோண்டி எடுப்பேன். மறுபடி பத்து நாள். மூன்றாவது சுற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் வரும். அதன் பிறகுதான் நடவு. இந்தச் சுற்றுகளில் தொட்டாற்சிணுங்கியும் மற்ற விதைக்களைகளும் முளைத்து அவையும் தீர்ந்துவிடும். லாலாங் புல் இருந்தால் அதன் வெள்ளை வேர்த்தண்டைத் துண்டு விடாமல் எடுக்க வேண்டும், ஒரு விரல் நீளம் மிஞ்சினாலும் அது போதும் அதற்கு.

தோண்டிய கிழங்குகளை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும். திறந்தவெளியில் எரிப்பதற்கு இந்த நாட்டில் சட்டப்படி தடை இருக்கிறது. குப்பைப் பையில் கட்டிப் போடுவதுதான் வழி.

களைக்கொல்லி அடித்தால் ஒரு நாள் வேலை என்று சொல்வார்கள். தோட்டங்களில் பல காலம் அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. அந்த மருந்தால் நம் தோட்டத்து மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மற்ற மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் இத்தனூண்டு வாசலுக்கு, குழந்தைகள் காலில் செருப்பில்லாமல் ஓடும் இடத்துக்கு, அவை வேண்டாம் என்பது என் முடிவு. மேலும் நம் வீட்டு லோங்காங் தண்ணீர் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது.

இன்னொன்று. என் வாசலுக்குக் கோரை முதலில் வந்ததே கடையில் வாங்கிய கறுப்பு மண் மூட்டையில்தான். மூட்டை மண்ணை நேரே பாத்தியில் கொட்டாமல், ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் போட்டு ஈரமாக்கி இரண்டு வாரம் வையுங்கள். என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எந்த இடத்துக்கு எது

முழு வெயிலுக்கும் அரைநிழலுக்கும் பொதுவாக, முதன்முறை நடுபவர்களுக்கு நான் சொல்வது கச்சாங் பிந்தோ. சாலை நடுவே மஞ்சள் பூவோடு பாய் விரித்தாற்போல் கிடக்குமே, அதுதான். நாம் தின்னும் கச்சாங்குக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நெருங்கிய சொந்தம், இலையும் பூவும் அச்சு அசல் அப்படியே இருக்கும். பிரேசில் நாட்டுச் செடி, 1954-இல் அதைச் சேகரித்த தாவரவியலாளர் ஜெரால்டோ பிந்தோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் அதற்கு உரம் அதிகம் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. எப்போதாவது கால் பட்டால் தாங்கும். தினமும் நடக்கும் வழியில் வழுக்கைத்தான் விழும், அங்கே நடைகல் பதித்துவிடுங்கள்.

சுட்டெரிக்கும் வெயில், சரளை மண், மறந்துபோய் தண்ணீர் ஊற்றாத மூலை, இவற்றுக்கு ரோயோ. இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா. குட்டை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊதா இலையோடு படரும் டிரேடஸ்காந்தியாவும் இதே குடும்பம், இதே உறுதி. இரண்டின் சாறும் தோலில் பட்டால் அரிக்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள், வீட்டில் நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் இவற்றை எட்டாத பக்கம் வையுங்கள்.

பத்துமணிப் பூவை, இங்கே நர்சரியில் ரோஸ் ஜெப்புன் என்பார்கள், ஆண்டு முழுக்க வெயில் விழும் மணல் பாத்தியில் மட்டும் நடுங்கள். நான்கைந்து மாதத்தில் களைத்துவிடும், நுனியைக் கிள்ளி மறுபடி நட்டுப் புதுப்பிக்க வேண்டும். அழகுதான், ஆனால் உழைப்பு கேட்கும் அழகு.

நம் வீடுகளில் பலர் சாமிக்காக ஓர் ஓரத்தில் அருகம்புல் வைத்திருப்போம். அதைவிட உறுதியான தரைமூடி கிடையாது. விளையாட்டுத் திடல்களில் பெர்முடா புல் என்று போடுவதும் இதன் இனம்தான். ஆனால் நிழலில் நிற்காது, மண்ணுக்கு மேலும் கீழும் ஓடி அடுத்த பாத்திக்குள் புகுந்துவிடும். அருகம்புல்லுக்குத் தனியாக, செங்கல்லை நட்டுவைத்து ஒரு சாண் ஆழத்துக்குத் தடுப்புக் கட்டிய சதுரம் கொடுங்கள். பிள்ளையாருக்குப் போதும், வாசலும் தப்பிக்கும்.

சிவப்புப் பொன்னாங்கண்ணியும் நல்ல தரைமூடி. காய்கறிக் கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை நட்டாலே துளிர்த்துவிடும். மாதம் ஒருமுறை நுனி வெட்டினால் அடர்ந்து நிற்கும், வெட்டியது பொரியலுக்கு. நர்சரியில் அலங்காரத்துக்கென்று விற்கும் சிவப்பு ரகங்களை மட்டும் சமைக்காதீர்கள். என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது, எல்லா ரகமும் கீரையும் ஆகாது.

ஈரம் வடியாத மூலையில், குழாயடியில், வல்லாரை. ஓடு தண்டு விட்டுத் தானே பரவும். பசாரில் பெகாகா என்று கேட்டு, வேரோடு கிடைத்தால் இரண்டு கைப்பிடி நட்டுவிடுங்கள். பொடுதலையும் ஈரத்துக்கு ஏற்றது. பாயாகப் படிந்து, பட்டாணி அளவுப் பூங்கொத்து விடும், அதைத் தேடிப் பட்டாம்பூச்சி வரும். கடலோரத்து உப்புக் காற்றையும் தாங்கும் என்பதால் பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அங்கே கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு ஓடும் கொடியையும் பார்த்திருப்பீர்கள். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பூவாக வரும் அடும்பு அதுதான். கரையில் கிடந்து மணலைக் காக்கட்டும், வீட்டுப் பாத்திக்குப் பெரிது.

நிழலுக்கு ஓபியோபோகன், மண்டோ புல் என்றும் சொல்வார்கள். பெயரில்தான் புல், வெட்டவே வேண்டாம். குட்டை ரகம் மூடுவதற்கு ஓராண்டு எடுக்கும், அந்தப் பொறுமை உள்ளவர்கள் வையுங்கள். மாமரத்தடியில் என்றால் ஊதா இலை ஹெமிகிராஃபிஸ் சீக்கிரம் படரும். மரத்தடியில் வேரை வெட்டிக் கொத்தாதீர்கள், அடிமரத்தில் மண்ணை ஏற்றி மூடாதீர்கள். வேர்களுக்கு இடையே கைப்பிடிக் குழிகள் போட்டு நட்டால் போதும்.

சரிவான வாசலில் தரைமூடி மட்டும் முதல் பெருமழைக்குத் தாக்குப்பிடிக்காது. சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசை வெட்டிவேர், கன்றுக்குக் கன்று ஒரு சாணுக்கும் குறைவாக நட்டு வேலி போல ஆக்கிவிட்டு, அதற்கு மேலே கச்சாங் பிந்தோ போடுங்கள். உலகம் முழுக்க மண்சரிவைத் தடுக்க நடும் இந்தப் புல்லுக்கு ஆங்கிலத்திலும் நம் சொல்தான் பெயர்.

வேண்டாம் என்று சொல்ல ஒன்று உண்டு: வெடேலியா. மஞ்சள் பூ, பளபளப்பான இலை, காசே செலவில்லாமல் எங்கும் கிடைக்கும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. ஒரு கணு விழுந்தால் போதும், லோங்காங் வழியே ஓடை வரைக்கும் போய்ப் பரவும். நம்மவர்களுக்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பார்ப்பதற்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி போலவே இருப்பதால் கீரை என்று பறித்துவிடுகிறார்கள். கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒற்றையாக இருக்கும், வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் பறிக்க வேண்டாம்.

வாங்குவதும் நடுவதும்

இப்போது நர்சரிக்குப் போகலாம். கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சுங்கை பூலோ. 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்க ஆரம்பித்து, அதிலிருந்து வளர்ந்த நர்சரிகள் அவை. அந்த மண்ணில் செடி வாங்குவது எனக்கு எப்போதும் மனதுக்கு நெருக்கமான காரியம். பினாங்கில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒருமுறை தண்ணீர்மலைப் பக்கம் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்குப் போய், எந்த நிழலில் எந்தச் செடி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

கணக்கு இப்படி. ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 25 செடி. ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலப் பாத்திக்கு 225. மலைக்காதீர்கள். பையில் இருக்கும் கச்சாங் பிந்தோவை மூன்று நான்காகப் பிரிக்கலாம், நீளத் தண்டுகளைத் துண்டு போட்டும் நடலாம். அறுபது பை போதும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள், மேல்மண்ணையும் பாருங்கள். கோரை முளை தெரிந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள்.

நடவுக்கு ஏற்றது மார்ச், ஏப்ரல், இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். கோலாலம்பூரில் அப்போதுதான் மழை நிலையாக இருக்கும். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறட்சி, அதைத் தவிர்த்துவிடுங்கள். நாளில் மாலை 5 மணிக்கு மேல் நடுங்கள், இரவு முழுக்கச் செடி இளைப்பாறும்.

தண்டு நடுவதென்றால் ஒரு விரல் நீளத்துக்குக் குறையாமல், நான்கு கணு உள்ளதாக வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்வாகச் செருகுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். சுற்றி மண்ணை விரலால் அழுத்துங்கள். மெல்ல இழுத்தால் வரக்கூடாது. வரிசை வரிசையாக நேருக்கு நேர் நடாமல், முதல் வரிசையின் இடைவெளியில் இரண்டாம் வரிசைச் செடி வருமாறு மாற்றி மாற்றி நடுங்கள், தண்ணீர் ஓடும் வழி அடைபடும். முடிந்ததும் இடைவெளிகளில் காய்ந்த இலை, காய்ந்த புல் ஏதாவது மெல்லியதாகப் பரப்புங்கள். முதல் மழை மண்ணைக் கிளப்பாமல் அது தடுக்கும்.

இளகிய மண்ணைக் கண்டால் தாமான் பூனைகளுக்குக் கொண்டாட்டம். சாத்தே குச்சிகளைக் கூர் மழுக்கி ஒரு சாணுக்கு ஒன்றாக நட்டுவைத்தால் வராது. செடி மூடியதும் எடுத்துவிடலாம்.

முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாளெல்லாம் காலையில் தண்ணீர். பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். மூன்றாம் வாரம் புதுத்துளிர் வரும். சில இடத்தில் வராது, அங்கே உடனே மாற்றுத் தண்டு நட்டுவிடுங்கள். அந்த ஓட்டையில்தான் களை குடியேறும்.

வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை கால் மணி நேரம், களை. தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரம் விட்டால் கோரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். ஆறாம் வாரம் சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சை நிறக் குருணை உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 15:15:15, இலையில் படாமல் தூவித் தண்ணீர் விடுங்கள். கச்சாங் பிந்தோவுக்கு அதில் பாதி போதும்.

இரவில் நத்தை வரும். பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரே இரவில் இளந்துளிரை மொட்டையடித்துவிடும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை. வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் மனிதரின் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி இருக்கலாம். பொன்னாங்கண்ணியிலும் பத்துமணிப் பூவிலும் மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டி எறியுங்கள். வெயில் காலத்தில் கச்சாங் பிந்தோ இலை மங்கிப் புள்ளி புள்ளியாக வெளுத்தால் சிலந்திப் பேன். இலையின் அடிப்புறம் படுமாறு குழாயால் வேகமாகத் தண்ணீர் அடித்தால் குறையும்.

மூடிய பிறகு

அடர்ந்த செடிக்குள் ஐஸ்கிரீம் கப், போத்தல் மூடி என்று எது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அதில் மழைநீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை செடியைக் கையால் விலக்கிப் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, உங்கள் வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உங்களுக்குத்தான். இலையடுக்கில் தண்ணீர் தேங்கும் புரோமிலியாட்களை நான் தரைமூடிகளோடு சேர்ப்பதே இல்லை.

பாம்பு வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. வாசற்படியை ஒட்டி ஓரடிக்குச் சரளைக்கல் போட்டு, அதை அடுத்துள்ள செடியைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டினால் ஒளிய இடம் இருக்காது. எலி இல்லாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

கேட்டுக்கு வெளியே லோங்காங் ஓரத்து நிலம் பெரும்பாலும் நம்முடையது இல்லை, ஊராட்சி மன்றத்துடையது. அங்கே நடுவதென்றால் தாழ்ந்த செடியாக, லோங்காங் வாயை மறைக்காததாக வையுங்கள். துப்புரவுக்கு வருபவர்கள் வெட்டிவிட்டால் கோபப்படவும் கூடாது.

கச்சாங் பிந்தோவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் மேலே பச்சை, அடியில் வெறும் குச்சி என்று ஆகிவிடும். ரோயோ நெருங்கிப் போனால் நடுவிலிருந்து சில கொத்துகளைப் பிடுங்கி எடுங்கள். மண்டோ புல்லில் பழுத்த இலையை இழுத்துவிட்டால் சரி.

வெட்டிய தண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு நிழலில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. என் வாசலில் முதல் முறை வெட்டியதைப் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் கொடுத்தேன். அவர் வாசலிலிருந்து எதிர் வீட்டுக்குப் போனது. இப்போது எங்கள் வரிசையில் ஏழு வீட்டில் மஞ்சள் பூ, சுவர்களின் அடியில் செம்மண் தெறிப்பதில்லை.